அந்தக் கோட்டையில் முற்றம் எங்கே இருக்கிறது?

மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு, பிடித்த கதையில் வருகிற ஓர் இடத்தை மாதிரியாகச் செய்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஹாரி பாட்டர் கதையில் பிள்ளைகள் மந்திரம் படிக்கிற பள்ளிக் கோட்டை, ஹாக்வார்ட்ஸ்தான் என்று சொல்லிவிட்டாள். தெர்மாகோல், ஃபெவிகால், ஐஸ் குச்சி, சாம்பல் நிறப் பெயிண்ட் எல்லாம் வாங்கி வந்து கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கட்டட வரைபடம் வரைகிற வேலையில் இருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் தரைத்தளத்தை ஒரு தாளில் போட்டுவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டி நுழைவுக் கூடம், பளிங்குப் படிக்கட்டு, நிலவறைக்கு இறங்குகிற வழி, கோபுரங்கள். எல்லாம் மடமடவென்று வந்தன.

"முற்றத்தை எங்கிட்டும்மா வைக்கிறது?" என்று கேட்டாள்.

பென்சில் நின்றுவிட்டது.

அந்தப் புத்தகங்களை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் முற்றத்துக்குத்தான் போவார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள், கல்படியில் உட்கார்ந்து படிப்பார்கள், வம்பு வளர்ப்பார்கள். ஆனால் அது நுழைவுக் கூடத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தக் கதவைத் திறந்தால் வரும், எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று தேடினால் ஒரு வரி அகப்படவில்லை. கோட்டையில் 142 படிக்கட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்கிற கதை அது. வெள்ளிக்கிழமை மட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற படிக்கட்டைக்கூட மறக்காமல் சொல்கிறது. முற்றத்தை மட்டும் முற்றம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறது.

அன்று இரவு மகள் தூங்கிய பிறகு பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். முற்றம் வருகிற பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் புத்தகத்தில் வருவது. நவம்பர் மாதம். மறுநாள் ஹாரிக்கு, துடைப்பத்தில் பறந்தபடி ஆடுகிற குவிடிச்சில் முதல் ஆட்டம். இடைவேளையில் ஹாரி, ரான், ஹெர்மியோனி மூன்று பேரும் உறைந்து கிடக்கிற முற்றத்தில் நிற்கிறார்கள். ஹெர்மியோனி மந்திரத்தால் பளிச்சென்று ஒரு நீல நெருப்பை உண்டாக்கி ஜாம் பாட்டிலுக்குள் வைத்திருக்கிறாள். போகிற இடமெல்லாம் கையோடு எடுத்துப் போகலாம். மூவரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிர்காய்கிறார்கள். அப்போது ஹாரியைக் கண்டாலே ஆகாத ஆசிரியர் ஸ்னேப் நொண்டியபடி முற்றத்தைக் கடக்கிறார். நெருப்புக்கு அனுமதி இருக்காது என்று இவர்கள் நெருக்கி நின்று அதை மறைக்கிறார்கள். அந்தத் திருட்டு முழிதான் அவரை இழுத்து வருகிறது. நெருப்பு அவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் வைவதற்கு ஏதாவது வேண்டுமே. ஹாரி கையில் இருந்த நூலகப் புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார். நூலகப் புத்தகத்தைப் பள்ளிக்கு வெளியே கொண்டுவரக் கூடாதாம். ஐந்து புள்ளிகள் போய்விடுகின்றன.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத காட்சி. ஆனால் இந்தக் கதை முழுவதும் எந்த நட்பின் மேல் நிற்கிறதோ, அது உண்டாகிச் சில நாட்களே ஆகியிருக்கின்றன. விதி என்றால் விதி என்று இருந்த பெண், கூட்டாளிகளுக்குக் குளிர்கிறது என்பதற்காக அனுமதி இல்லாத நெருப்பை உண்டாக்கியிருக்கிறாள். வகுப்பறையிலோ சாப்பாட்டு மேசையிலோ அவள் இதைச் செய்திருக்க மாட்டாள். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கத்தான் ஹாரி அன்று மாலை ஆசிரியர் அறைக்குப் போகிறான். அங்கேதான் ஸ்னேப்பின் கால் காயத்தைப் பார்க்கிறான். அப்புறம் வருகிற சந்தேகம் அத்தனையும் அங்கிருந்து கிளம்புகிறது.

ஸ்னேப் சொன்ன அந்த 'வெளியே' என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றேன். என் தொழிலில் முற்றத்துக்குப் பெயர் ஓ.டி.எஸ். ஓப்பன் டு ஸ்கை என்பதன் சுருக்கம். வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து நடுவில் ஓ.டி.எஸ். என்று எழுதுவோம். கட்டடப் பரப்பைக் கூட்டும்போது அதைச் சேர்க்க மாட்டோம். நாலு பக்கமும் சுவர் இருக்கும், வீட்டின் நட்டநடுவில் இருக்கும், ஆனாலும் கணக்கில் அது வெளியேதான். ஸ்னேப்பும் அப்படித்தான் கணக்குப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் முற்றம் பள்ளிக்கு வெளியே என்று அவர் சொன்னது, அவர் நினைத்ததைவிடப் பெரிய உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளை முதல் நாளே நான்கு ஹவுஸாகப் பிரித்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு நான்கு தனித்தனி மேசைகள். உறங்குகிற இடமும் வேறு வேறு. ஒரு ஹவுஸின் பொது அறைக்குள் இன்னொரு ஹவுஸ் பிள்ளை நுழைய முடியாதபடி வாசலில் தடை வேறு. வகுப்புகளிலும் எந்த ஹவுஸோடு எந்த ஹவுஸ் என்பது அட்டவணையில் இருக்கும். முற்றத்துக்கு மட்டும் அட்டவணை கிடையாது. இன்னார் இங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் நட்பும் பகையும் அங்கே அவ்வளவு எளிதாக மேலே வருகின்றன.

இரண்டாம் புத்தகத்தில் ஒரு மேகமூட்டமான நாள். ஹெர்மியோனி கல்படியில் உட்கார்ந்து புத்தகத்துக்குள் மூழ்கிவிடுகிறாள். முதல் வருடப் பையன் ஒருவன், காலின், கையில் கேமராவோடு தயங்கித் தயங்கி வருகிறான். பால்காரர் வீட்டுப் பிள்ளை. தனக்கு மந்திரம் வரும் என்பதே கடிதம் வந்த பிறகுதான் தெரியும். ஹாரியைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறான். அதை ஹாரிக்கு ஆகாத மால்ஃபாய் என்ற பையன் கேட்டுவிட்டு முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக் கேலி செய்கிறான். முற்றத்துக்கு இந்தக் குணமும் உண்டு. அங்கே பேசியது எல்லோர் காதுக்கும் போகும். நாலு பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும். முற்றமுள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்தாம் புத்தகத்தில் தூறல். செப்டம்பர் மாதத்துப் பூந்தூறல். முற்றத்தின் ஓரங்களில் கூட்டம் கூட்டமாக நிற்கிற பிள்ளைகளின் உருவம் மங்கித் தெரிகிறது. மூவரும் சொட்டுகிற பால்கனி ஒன்றின் கீழே, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அங்கே ஹாரிக்குப் பிடித்த பெண் சோ தனியாக நடந்து வந்து அவனிடம் பேசுகிறாள். ரான் இடையில் புகுந்து அவளுடைய பேட்ஜைப் பற்றிக் கேட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறான். எனக்கு இதில் பிடித்தது அந்தச் சொட்டுகிற பால்கனி. மழையில் முற்றத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கூடத்தைவிட அதிகமாக மூலைகள் வந்துவிடும். யார் எந்த மூலையில் ஒதுங்குகிறார்கள் என்பதை வைத்தே யார் யாரோடு என்று சொல்லிவிடலாம்.

சரி, இதெல்லாம் இருபது வருடம் கழித்துப் பார்ப்பது. முதல்முறை படித்தபோது நான் பார்த்த முற்றம் வேறு.

2003ஆம் வருடம், எட்டாம் வகுப்பு. சென்னையிலிருந்து வந்த சித்தப்பா முதல் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, பள்ளி திறப்பதற்குள் முடித்துவிட்டால் இரண்டாவது வரும் என்றார். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஒரு பக்கத்துக்கு இருபது சொல் தெரியாது. 'கோர்ட்யார்டு' என்ற சொல்லைக் கண்டதும் வக்கீல்கள் நிற்கிற இடம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பத்தாவிடம் கேட்டேன். "கோர்ட்டு மஹால்லதானத்தா இருந்துச்சு. ஒங்க தாத்தா வழக்குக்கு அங்கதான் நாயா அலைஞ்சாரு" என்றார். அது உண்மைதான். திருமலை நாயக்கர் மஹாலில் ரொம்ப காலம் மாவட்ட நீதிமன்றம் நடந்திருக்கிறது. எங்கள் வீடு கீரைத்துறை பக்கம். மஹாலுக்கு நடந்தே போய்விடலாம். மறுநாள் அகராதியில் சரியான பொருளைப் பார்த்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஹாக்வார்ட்ஸின் முற்றம் மஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அது உட்காருவதற்குப் பொருத்தமான இடமும்கூட. மதுரையில் பிறந்த பிள்ளைக்குக் கோட்டை என்றால் காட்ட என்ன இருக்கிறது? பழைய கோட்டையைக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்திலேயே இடித்து வெளி வீதிகள் ஆக்கிவிட்டார்கள். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மேற்கு வாசல் மட்டும் மிச்சம். ஆகவே மஹால்தான். டிக்கெட் வாங்கி இருட்டான வாசலைத் தாண்டினால் சட்டென்று வெளிச்சம். நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம். சுற்றிலும் நாலு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற உருண்டைத் தூண்கள், அவற்றின் தலையில் சுதை வேலை செய்த வளைவுகள். மதியம் ஒரு மணிக்கு முற்றத்தின் நடுவே கால் வைக்க முடியாது. தூண் நிழலுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தால் ஜில்லென்று இருக்கும். புறாக்கள் ஒரு வளைவிலிருந்து இன்னொரு வளைவுக்குப் பறந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறகுச் சத்தம் முற்றம் முழுக்கச் சுற்றி வரும்.

திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது என்பார்கள். நாம் இன்று பார்ப்பது அதில் ஒரு பங்குதான். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கே பிரித்து அங்கே கொண்டுபோனார். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத் தூண் சந்தில் நிற்கிற பத்துக் கல்தூண்களும் அந்த அரண்மனையின் மிச்சம்தான். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு முயற்சி எடுத்திருக்காவிட்டால் மீதியும் விழுந்திருக்கும். எவ்வளவோ போன பிறகும் முற்றமும் அதைச் சுற்றிய தூண்களும் நிற்கின்றன. ஹாரி அந்தத் தூண்களுக்கு இடையில்தான் எனக்கு நடந்தான். பனி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பனி என்றால் எனக்கு மார்கழி மாதத்து விடியற்காலை, அவ்வளவுதான்.

அந்த ஜாம் பாட்டில் நெருப்பு மட்டும் மஹாலில் எரியவில்லை. அது எங்கள் வளவில் எரிந்தது.

வளவு என்றால் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். காம்பவுண்டு வீடு என்றும் சொல்வோம். ஒரு வாசல், உள்ளே நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். எங்களுடையதில் ஒன்பது குடித்தனம். முற்றத்தில் ஓர் அடிபம்பு, இரண்டு துவைக்கிற கல், வாசல் ஓரத்தில் ஒரு முருங்கை. மாசி மாதம் வந்தால் மேல்வரிசைப் பெரியம்மா வடகம் காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்டப் பிள்ளைகளை உட்கார வைப்பார். மழை பெய்தால் தூம்பு அடைத்துக்கொண்டு முற்றம் குளமாகும். ஒன்பது வீட்டு ஆம்பளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூம்பைக் குத்துவார்கள். மார்கழியில் அடிபம்பு மூலையில் பொதுவாக ஒரு வெந்நீர் அடுப்பு எரியும். மூன்று கல், மேலே கரி படிந்த பெரிய அண்டா, கீழே தேங்காய் மட்டை. காலை ஐந்து மணிக்குக் கோயில் பாட்டு கேட்கும்போது எழுந்து வந்து பிள்ளைகள் எல்லோரும் அந்த அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்போம். "பாவாட பத்திக்கிரும்டி, தள்ளி நில்லுங்கத்தா" என்று அப்பத்தா வைதுகொண்டே இருப்பார். முன்பக்கம் குளிரும், முதுகு மட்டும் சுடும்.

அதனால் ஜாம் பாட்டிலுக்கு முதுகைக் காட்டி மூன்று பேர் நின்றார்கள் என்று படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. நெருப்புக்கு முகத்தைக் காட்டினால் கண் எரியும், புகை ஏறும். முதுகைக் காட்டினால்தான் பேசலாம், வருகிறவர்களைப் பார்க்கலாம். எழுதியவரும் எங்கோ ஒரு முற்றத்தில் அப்படி நின்றிருக்க வேண்டும் என்று அன்று உறுதியாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன். முற்றத்துக்கு நீளம் அகலம் சொல்லாமல் விட்டதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் என் வளவு அதற்குள் நுழைந்திருக்காது.

படங்களைப் பார்த்தது பின்னால். 2001இல் வந்த முதல் படத்தை டிவியில்தான் பார்த்தேன். பனி மூடிய முற்றத்தில் ஹாரி தனியாக நடந்து வந்து கையிலிருந்த வெள்ளை ஆந்தையைப் பறக்க விடுவான். மஹால் புறாக்களின் இடத்தில் ஓர் ஆந்தை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல வருடம் கழித்து, இந்த வேலைக்கு வந்த பிறகு, அது செட் இல்லை, இங்கிலாந்தில் டர்ஹம் பேராலயத்தின் முற்றம் என்று தெரிந்துகொண்டேன். 1093இல் கட்டத் தொடங்கிய கோயில். துறவிகள் மழையிலும் பனியிலும் நனையாமல் நடப்பதற்காக நாலு பக்கமும் தாழ்வாரம் வைத்து நடுவில் திறந்த வெளி விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் வெயிலுக்காகச் செய்ததை அவர்கள் குளிருக்காகச் செய்திருக்கிறார்கள். வரைபடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படம் எடுத்த மற்ற இடங்களையும் தேடிப் பார்த்தேன். கோட்டையின் நடைபாதைகளாக வருவது குளஸ்டர் பேராலயத்தின் தாழ்வாரங்கள். கூரையில் விசிறி விரித்த மாதிரி கல்வேலை. அதன் தெற்குத் தாழ்வாரத்தில் துறவிகள் உட்கார்ந்து படிப்பதற்காக இருபது சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றன, முற்றத்து வெளிச்சம் விழுகிற மாதிரி. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது எனக்கு அந்த நூலகப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. முற்றத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுவரக் கூடாது என்று ஸ்னேப் சொன்ன அதே கோட்டையாக நடித்த கட்டடத்தில், பல நூறு வருடங்களுக்கு முன்னால் புத்தகம் படிக்க முற்றத்து ஓரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று லேகாக் மடம். 1232இல் பெண் துறவிகளுக்காக ஏற்பட்டது. அதன் தாழ்வாரங்களும் அறைகளும் முதல் படத்தில் வருகின்றன. இதே வீட்டின் ஜன்னல் ஒன்றைத்தான் 1835இல் புகைப்படக்கலை முன்னோடி டால்பட் கேமராவில் பிடித்தார். உலகில் இன்றும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான். இதைப் படித்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்த பால்காரர் மகன் காலினை நினைத்து எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம். யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் அது அப்படி அமைந்திருக்கிறது.

படம் எடுத்தவர்களுக்கு முற்றத்தின் மேல் ஒரு பிரியம் இருந்திருக்க வேண்டும். நான்காம் புத்தகத்தில் மால்ஃபாயை வெள்ளைக் கீரி மாதிரி ஒரு பிராணியாக மாற்றிக் குதிக்க விடுவது நுழைவுக் கூடத்தில் நடக்கும். 2005இல் வந்த படத்தில் அதை முற்றத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1379இல் நிறுவப்பட்ட நியூ காலேஜின் முற்றம், அதன் மூலையில் ஒரு பெரிய ஓக் மரம். ஹாரிக்கும் அவன் பரம எதிரி வோல்டமோர்ட்டுக்கும் நடக்கிற கடைசிச் சண்டையும் புத்தகத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் எல்லோரும் பார்த்திருக்க நடக்கும். 2011இல் வந்த படத்தில் இருவரும் இடிந்து கிடக்கிற முற்றத்தில் தனியாக நிற்பார்கள். இந்த இரண்டாவது மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. முற்றம் எப்போதும் நாலு பேர் பார்க்கிற இடம். அங்கே ஆளே இல்லாமல் இருவரை நிறுத்தினால் அது முற்றமாக இருக்காது, பொட்டலாகிவிடும்.

ஆளில்லாத முற்றத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் வளவை விற்றபோது ஒவ்வொரு குடித்தனமாகக் காலி செய்தது. நாங்கள் கடைசிக்கு முந்தி. சாமான் ஏற்றி முடித்த பிறகு சாவி கொடுக்க நான் மட்டும் திரும்பிப் போனேன். முருங்கையிலிருந்து இறங்கிய இரண்டு அணில்கள் துவைக்கிற கல்லின் மேல் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அந்தக் கல் ஒருநாளும் அவ்வளவு நேரம் காய்ந்து கிடந்ததில்லை. சங்கப் புலவர் ஒருவருக்கு அணிலாடு முன்றிலார் என்றே பெயர். தலைவன் பிரிந்து போனால் ஊரார் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவது போல வெறுமையாக இருக்கிறேன் என்று ஒரு பெண் சொல்வதாகப் பாடியவர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அணில் விளையாடினால் அழகாகத்தானே இருக்கும் என்று கேட்டு டீச்சரிடம் நின்றேன். அன்று அந்தக் கல்லைப் பார்த்தபோது புரிந்தது. இப்போது அங்கே நாலு மாடி அடுக்குமாடி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது. மதுரைக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி. பழைய கட்டடம், ட வடிவத்தில் இரண்டு வரிசை வகுப்பறைகள், நடுவில் வேப்பமரம் வைத்த முற்றம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இடம் போதவில்லை என்று எங்கள் அலுவலகத்துக்கு வேலை வந்தது. முற்றத்தை மூடி மூன்று வகுப்பறைகள் எடுப்பது என்று முடிவானது. அந்த வரைபடத்தைப் போட்டது நான். மூலைக்கு மூலை இருந்த இரண்டு கோடுகளையும் ஓ.டி.எஸ். என்ற எழுத்தையும் கணினியில் அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. மரத்தை விட்டுவிட்டு மாடியில் வகுப்பறை எடுக்கலாமே என்று எங்கள் சாரிடம் ஒரு தடவை கேட்டேன். செலவு கூடும் என்றார். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வேலை முடிந்து அளவு எடுக்கப் போனபோது இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே இருந்த நடையில் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்று டிபன் டப்பாவைத் திறந்தார்கள். ஒரு வகுப்புப் பிள்ளை இன்னொரு வகுப்புப் பிள்ளையோடு நிற்க அங்கே இடமே இல்லை.

அதனால் மகள் "முற்றத்தை எங்கிட்டு வைக்கிறது" என்று கேட்டது என்னை அவ்வளவு உலுக்கியது.

மறுநாள் காலை அவளிடம் படத்துக்காகச் செய்த கோட்டை மாதிரியைப் பற்றிச் சொன்னேன். 1:24 அளவு, ஐம்பது அடி அகலம். டர்ஹம் முற்றத்தையும், துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற காட்சி எடுத்த ஆனிக் கோட்டையின் முற்றத்தையும் அதில் அப்படியே சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 1:24 என்றால் என்ன என்று கேட்டாள். இருபத்து நாலு அடியை ஓர் அடியாகச் சுருக்குவது என்றேன்.

"நம்ம வளவு முற்றம் எத்தன அடி?"

அவள் அதைப் பார்த்ததே இல்லை. அப்பத்தா சொன்ன கதைகளில் கேட்டிருக்கிறாள். பாண்டி விளையாடக் கோடு போட்டுப் போட்டு அந்த நீளம் என் காலில் இருந்தது. கூடத்தில் நடந்து காட்டினேன். நீளம் இருபத்து நாலு அடி, அகலம் பதினாறு. கணக்குப் போட்டாள். ஓர் அடிக்கு எட்டு அங்குலம். தெர்மாகோல் அட்டையின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும், கோபுரத்துக்கு இடம் இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள்.

"அப்ப முற்றத்த மட்டும் பண்ணுவோம்மா. கோபுரத்த எல்லாரும் பண்ணுவாங்க."

அப்படியே செய்தோம். நாலு பக்கமும் தாழ்வாரம். தூண்களுக்கு நூல்கண்டுக் கட்டைகள், மஹால் தூண் மாதிரி உருண்டையாக. ஒரு பக்கம் மூன்று கல்படிகள். இன்னொரு பக்கம் பால்கனி, அதிலிருந்து சொட்டுகிற மழைக்குப் பசைத் துளிகளைக் காயவிட்டோம். பஞ்சைப் பிய்த்துப் பாதி முற்றத்துக்குப் பனி போட்டாள். பனி இல்லாத மூலையில் ஒரு துவைக்கிற கல் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சோப்புத் துண்டை அரைவட்டமாகச் செதுக்கி வைத்தாள். ஜாம் பாட்டிலை மட்டும் அளவுக்குச் சுருக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிஜ பாட்டிலையே கழுவித் துடைத்து, தீபாவளி சீரியல் லைட்டில் நீலத்தை மட்டும் உள்ளே சுருட்டி, முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டாள். பேட்டரியைத் தாழ்வாரத்துக்குள் ஒளித்தோம்.

கண்காட்சி அன்று அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். மாசி மாத வெயில், பள்ளி மைதானத்தில் ஷாமியானா. தூரத்திலிருந்தே அவள் மேசையைப் பார்த்துவிட்டேன். ஏழெட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள், சட்டை நனைய வியர்த்துக்கொண்டு. யாரும் மாதிரியைப் பார்க்கவில்லை. மகள் ஒவ்வொருவர் தோளையும் பிடித்துத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தாள், ஜாம் பாட்டிலுக்கு முதுகைக் காட்டி.